அப்பாவின் ஹெர்குலிஸும் ஒரு பதிப்புச் சிக்கலும்

பழைய சைக்கிளைப் புதுப்பிப்பதில் இலக்கிய வாசகருக்கு என்ன அக்கறை இருக்கக்கூடும் என்று நண்பர்கள் கேட்கலாம். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவருக்கு நேரும் சிக்கலே எங்களுக்கும் நேர்ந்தது, அதனால்தான் எழுதுகிறோம்.

எங்கள் அப்பா மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவராக இருந்தார். 1976இல் வாங்கிய ஹெர்குலிஸ் சைக்கிளின் கேரியரில் மெய்ப்புத் தாள்களை வைத்து, கிழிந்த டியூபின் பட்டையால் கட்டி, லஸ் முனை வழியாகத் தியாகராய நகர்ப் பதிப்பகங்களுக்குக் கொண்டுசெல்வார். அவர் மறைந்தபின் அது கோட்டூர்புரத்து வீட்டின் மாடிப்படிக்கு அடியில் நின்றது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது நீரில் மூழ்கியது. அதன்பிறகு அதைத் தொட எங்களுக்கு மனம் வரவில்லை.

இந்த ஆண்டுதான் துணிந்தோம். மந்தைவெளியில் மரத்தடியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் ஓவராயிலுக்குக் கொடுத்து, கூடவே உட்கார்ந்து வேலையும் பழகினோம். மண்ணெண்ணெயில் கழுவியதும் சேற்றுக்கு அடியிலிருந்து பாகங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. கிராங்க்கைப் பிடித்திருந்த கோட்டர் பின் துருவில் இறுகி அசைய மறுத்தது. அதைத் தட்டி எடுக்க ஒரு முழு மாலை ஆயிற்று. பால்ரஸ் குண்டுகளை மாற்றினோம். பதினொரு ஸ்போக்ஸ் கம்பிகளைப் புதிதாகப் போட்டு, சக்கரத்தின் பெண்டு எடுத்தார் மெக்கானிக்.

அந்த நிலையில்தான் கல்லூரியில் படிக்கும் மகன் ஒரு யோசனை சொன்னான்: “கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இதை ஃபிக்ஸட் கியர் ஆக்கிவிடலாம் அப்பா!”

அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். சாதாரண சைக்கிளில் பின்சக்கரத்தோடு ஃப்ரீவீல் இருக்கிறது. மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்போக்கில் உருளும். ஃபிக்ஸட் கியரில் பல்சக்கரம் நேரே சக்கரத்தோடு பிணைந்திருக்கும். சக்கரம் சுழலும்வரை கால்களும் சுழன்றாக வேண்டும். இது புதுமையன்று. 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’ சைக்கிள் அவ்வாறுதான் இருந்தது. ஜப்பானில் 1948இல் தொடங்கிய கெய்ரின் பந்தயங்களில் இன்றும் அதுவே வழக்கம்.

மகனின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. சென்னை மேடுபள்ளமற்ற ஊர். பல கியர்கள் தேவையில்லை. பாகங்கள் குறைந்தால் பழுதும் குறையும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் கம்பி பிரேக் சரியாகப் பிடிக்காது. அப்போது காலாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். பின்சக்கரத்தின் அச்சு பொருந்தும் வாய் நீண்டிருப்பதால், சக்கரத்தை முன்பின் நகர்த்திச் செயினை இறுக்கவும் இயலும்.

ஆனால் எங்கள் பின்ஹப்பில் ஃப்ரீவீலைத் திருகும் மரை மட்டுமே உண்டு. ஃபிக்ஸட் கியருக்கென்று செய்த ஹப்பில் எதிர்த்திசையில் இன்னொரு மரையும், அதில் இறுகும் பூட்டுவளையமும் இருக்கும். அவை இல்லாமல் காலைப் பின்னுக்கு அழுத்தினால் பல்சக்கரம் கழன்றுவிடக்கூடும். “ஃப்ரீவீலையே வெல்டிங் வைத்துவிடலாம் சார்” என்றார் கடையில் இருந்த ஒருவர். எங்களுக்குத் திடுக்கிட்டது.

பதிப்பாசிரியனுக்குரிய அச்சம் அது. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே.சாமிநாதையரின் பதிப்புப் பணியிலிருந்து நாங்கள் கற்றது ஒன்றுண்டு: சிதைந்ததைச் சீர்செய்யலாம், பிரதிபேதங்களைக் குறிக்கலாம், ஆயின் நமக்குப் பிடித்த பாடத்தை மூலத்தில் ஏற்றிவிட்டு ஏட்டை எரித்துவிடக் கூடாது. வெல்டிங் என்பது ஏட்டை எரிப்பது.

கேரியரைக் கழற்றுவதும் எங்களுக்கு உவப்பாக இல்லை. அம்பத்தூரில் 1949இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த இந்த வகை வண்டி பந்தயத்துக்குப் பிறந்ததன்று, சுமப்பதற்குப் பிறந்தது. பால் கேனையும் அரிசி மூட்டையையும் டபுள்ஸ் உட்கார்ந்த மனைவியையும் சுமந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் கற்றபோது, குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று ஆண்கள் வண்டியையே விரும்பியவர்களும் இருந்தார்கள். சுமை தாங்கும் உறுப்புகளைக் கழித்துவிட்டு எஞ்சுவதை ‘எளிமை’ என்று அழைப்பது சுமக்கத் தேவையில்லாதவர்களின் எளிமை என்றே கருதுகிறோம்.

சாலையையும் எண்ண வேண்டும். பாண்டி பஜாரில் 2019இல் அகன்ற நடைபாதை வந்தது, நடப்பவர் மூச்சுவிட்டார். சைக்கிள்காரரோ இன்னும் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் இடையில்தான் வழி தேடுகிறார். அந்த நெரிசலில் கால்களை ஒரு கணமும் நிறுத்த முடியாத வண்டியைப் பழகாத பிள்ளையிடம் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

முடிவில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். சட்டத்தை அறுப்பதில்லை, வெல்டிங் இல்லை, புதுப் பெயிண்டும் இல்லை. மகன் தன் சேமிப்பில் ஃபிக்ஸட் ஹப் வைத்த இரண்டாவது பின்சக்கரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். இரண்டு பிரேக்குகளும் இருக்க வேண்டும். ஆளில்லாத தெருவில் பழகிய பிறகே பெரிய சாலை. வேண்டாதபோது பழைய சக்கரத்தை மாட்டிவிடலாம். மூலம் மேலே இருக்க, பாடபேதம் அடிக்குறிப்பில் நிற்பதுபோல.

இன்னொரு காரணத்தை மகனிடம் சொல்லவில்லை. சிறு வயதில் இரவு ஒன்பதரைக்கு மேல் தெருமுனையில் அப்பா மிதிப்பதை நிறுத்துவார். வண்டி தன்போக்கில் வீட்டை நோக்கி உருளும்போது ஃப்ரீவீல் ‘கிர்ர்’ரென்று ஒலிக்கும். அதைக் கேட்டதும் அம்மா சாதத்தை எடுத்து வைப்பாள். ஃபிக்ஸட் கியரில் அந்த ஒலி கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை விடியலில் திரு.வி.க. பாலத்தைக் கடந்து அடையாறு வரை ஓட்டிப் பார்த்தோம். பாலத்தின் சரிவில் மிதிப்பதை நிறுத்தினோம். ஒலி கேட்டது.