சூட்கேஸில் ஒரு வீடு

வீடு மாற்றும்போது எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போவோம்? பீரோ, கட்டில், கேஸ் அடுப்பு, என்றைக்காவது ரிப்பேர் பண்ணலாம் என்று வைத்திருக்கும் கால் ஒடிந்த நாற்காலி. கொரியக் கலைஞர் டோ ஹோ சு வீட்டையே எடுத்துக்கொண்டு போய்விட்டார். மடித்து, பெட்டியில் வைத்து!

1962-ல் சியோலில் பிறந்தவர். அப்பா சு சே ஓக், பேர்பெற்ற ஓவியர். 1970-களில் ஊரெல்லாம் கான்கிரீட் முளைத்துக்கொண்டிருந்தபோது, அரண்மனைக்குள் இருந்த ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடத்தைப் பார்த்து அதே மாதிரி மர வீடு கட்டிக்கொண்டார். பிள்ளை தினமும் பழைய நூற்றாண்டிலிருந்து கிளம்பிப் புது நூற்றாண்டுக்கு ஸ்கூல் போய் வந்தார்.

1991-ல் அமெரிக்கா போனார். பிறகு நியூயார்க்கில் இருந்தபோது எதிரே தீயணைப்பு நிலையம். ராத்திரியெல்லாம் சைரன். கடைசியாக நிம்மதியாகத் தூங்கியது எங்கே என்று யோசித்தார். அப்பா வீட்டில்! நாமாக இருந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு புரண்டு படுப்போம். அவர் அந்த வீட்டை அங்குலம் அங்குலமாக அளந்து, வெளிர்பச்சைப் பட்டில் நிஜ அளவிலேயே தைத்துவிட்டார். 1999-ல் லாஸ் ஏஞ்சலஸில் கூரையிலிருந்து தொங்கவிட்டார். அடுத்தடுத்துக் காட்டிய ஊர்களின் பெயரெல்லாம் தலைப்பில் சேர்ந்துகொண்டே போயின. ரேஷன் கார்டில் விலாசம் மாற்றுகிற மாதிரி, ஆனால் பழைய விலாசத்தை அடிக்காமல்.

2012-ல் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சி மூலையில் ஒரு குட்டி வீட்டைப் பாதி அந்தரத்தில் நிற்க வைத்தார். தரை ஒரு சாய்வு, சுவர் ஒரு சாய்வு. உள்ளே போனால் தலை சுற்றும். பிழைக்கப் போன ஊரில் முதல் மாதம் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களை அங்கே அனுப்பலாம்.

நியூயார்க்கில் பல வருஷம் குடியிருந்த வாடகை வீட்டைவிட்டுப் போகிற சமயம், உள்ளே சுவர், ஸ்விட்ச், கதவுக் குமிழ் என்று சகலத்தின் மேலும் காகிதம் போர்த்திக் கலர் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுத்தார். சின்ன வயசில் காசின் மேல் பேப்பர் வைத்துத் தேய்ப்போமே, அதேதான். தலைப்பு 'ரப்பிங்/லவ்விங்'. இங்கிலீஷில் முதலாவது தேய்ப்பது, இரண்டாவது நேசிப்பது. கொரிய எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்று!

துணி வீட்டில் கதவு உண்டு, தாழ்ப்பாள் போட முடியாது. கூரை உண்டு, மழைக்கு ஒதுங்க முடியாது. போன வீடு அவ்வளவுதான் திரும்பி வரும்.

ஆனாலும் இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் பிறந்து வளர்ந்த வீட்டில் ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு ஞாபகம் வருவதற்குள் கை அந்தப் பக்கம் போய்விடும். அதை எந்தப் புரோக்கராலும் விற்க முடியாது.