உடைந்த கதவுக் கண்ணாடி

காரின் கதவுக் கண்ணாடி உடைந்தால் கற்கண்டாகக் கொட்டிவிடும். முன் கண்ணாடி உடைந்தால் விரிசல் ஓடுமே தவிர, இடத்தை விட்டு விழாது. இரண்டும் வேறு வேறு சரக்கு. கதவில் இருப்பது பெரும்பாலும் டஃபன்டு கண்ணாடி. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டெனக் காற்றடித்துக் குளிரவைப்பது. முன்னால் இருப்பது லேமினேட்டட். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. பிரான்சைச் சேர்ந்த எடுவார்ட் பெனடிக்டஸ் 1909இல் இந்த வகைக்குக் காப்புரிமை பெற்றார். கதவுக் கண்ணாடி பெரும்பாலும் போல்ட்டில் நிற்கிறது, இன்றைய கார்களின் முன் கண்ணாடி பசையில் நிற்கிறது. போல்ட்டில் நிற்பதை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம்.

தோல் ஊரான பேரணாம்பட்டில் கண்ணாடி உடைய அதிகம் வேண்டியதில்லை. ஷூ கம்பெனிக்கு ஆளேற்றும் வேன், டேனரிக்குத் தோல் ஏற்றும் டெம்போ, வி.கோட்டா மலைச்சாலையில் ஏறி இறங்கும் கார் எதுவானாலும், முன்னே போகும் டிப்பரிலிருந்து தெறிக்கும் ஒரு ஜல்லி போதும்.

கதவுக் கண்ணாடி உடைந்தால், வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டித் தரும் கடைக்குப் போவது வீண். டஃபன்டு கண்ணாடியை வெட்ட முடியாது. வெட்டப் போனால் மொத்தமும் பொடியாகும். ஜன்னல் கண்ணாடியையே வெட்டி மாட்டினால், அடுத்த மோதலில் அது நீளச் சில்லுகளாக உடைந்து ஆளைக் கிழிக்கும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் பாதுகாப்புக் கண்ணாடியையே கேட்கின்றன. ஆகவே மாடல், ஆண்டு, இடமா வலமா, முன் கதவா பின் கதவா என்று சொல்லி அதே கண்ணாடியை வாங்க வேண்டும். ஆம்பூரிலோ வேலூரிலோ அகப்படாத பழைய மாடலுக்குச் சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. மூலையில் ஐ.எஸ். 2553 என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

வேலையில் பாதி, உடைந்ததை அள்ளுவதுதான். கையுறை கட்டாயம். தொழிற்சாலைத் தோல் கையுறைகள் பெரும்பாலும் தோலின் அடிப்பாகமான ஸ்பிளிட்டில் தைக்கப்படுபவை, தோல் ஊரில் அதற்குக் குறைவிருக்காது. சீட்டில் கிடப்பதைவிடக் கதவின் வயிற்றுக்குள் விழுந்ததே அதிகம். அதை விட்டுவிட்டால் கதவைச் சாத்தும்போதெல்லாம் சலசலக்கும். மழைநீர் வடியும் துளைகளையும் அடைக்கும்.

உள்ளே போக, கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்ற வேண்டும். மாருதி 800 போன்ற, கையால் சுழற்றிக் கண்ணாடி ஏற்றும் கார்களில் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கம்பி கிளிப் ஒளிந்திருக்கும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் பேட்தான் கிழியும். கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே ஒரு துணியை நுழைத்து, இரு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்தால் கிளிப் துணியில் மாட்டிக்கொண்டு வெளியே வரும். துள்ளி ஓடிவிடும், ஒரு கண் அதன்மேல் இருக்கட்டும். பவர் விண்டோ என்றால் முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பேட் வந்ததும் வயர் இணைப்புகளை விடுவிக்க வேண்டும். பேடைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளில் சில உடையாமல் வராது. புதிதாகச் சில வாங்கி வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கண்ணாடியோரம் இறங்கும் மழைநீரைக் கதவுக்குள்ளேயே நிறுத்தி வடியவிடுவது அதுதான். அது இல்லாவிட்டால் பேட் ஊறி உப்பும், கால்மிதி நனையும்.

புதுக் கண்ணாடியைச் சிமெண்ட் தரையில் மூலை பட நிறுத்தக் கூடாது. டஃபன்டு கண்ணாடிக்கு முகம் உறுதி, விளிம்பு பலவீனம். கோணி மேல் படுக்கவைக்க வேண்டும். சாய்த்துக் கதவுக்குள் இறக்கி, இருபக்க ரப்பர் பீடிங்கிலும் நுழைத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கும் விண்டோ மெஷினில் போல்ட்டை அரைகுறையாகப் பூட்ட வேண்டும். பவர் விண்டோ என்றால் வயரையும் பேட்டரியையும் மீண்டும் இணைத்து, கண்ணாடியை மேல்வரை ஏற்றி, அது தன் இடத்தில் அமர்ந்த பிறகே முழுவதும் முடுக்க வேண்டும். முன்பே முடுக்கினால் கோணிக்கொண்டு பாதியில் சிக்கும்.

முன் கண்ணாடி வேறு கதை. பழைய வேன், லாரிகளில் அது ரப்பர் பீடிங்கில் நிற்கும். பீடிங் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, வெளியே ஒருவர் அழுத்த உள்ளே ஒருவர் கயிற்றை உருவினால் ரப்பர் உதடு மடிந்து உட்காரும். இன்றைய கார்களில் அதைப் பிடித்திருப்பது பாலியூரிதேன் பசை. ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுவதும் பெரும்பாலும் பாலியூரிதேன்தான். ஆனால் அது கரைப்பானில் கரைத்து, சூடுகாட்டி ஒட்டும் ரகம். இது காற்றின் ஈரத்தில் இறுகும் கெட்டிப் பசை. ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. பயணி பக்கத்து ஏர்பேக் பல கார்களில் முன் கண்ணாடியில் முட்டித்தான் விரிகிறது என்பதால், இதைக் கடைக்கு விட்டு, பசை இறுகும்வரை வண்டியை எடுக்காமல் இருப்பதே முறை.

செலவைப் பொறுத்தவரை, விரிவான காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ஆனால் ஒருமுறை கிளெய்ம் போட்டால், 20 முதல் 50 சதவீதம்வரை சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ், அதற்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தாலொழிய, அடுத்த புதுப்பிப்பில் போய்விடும். விலையுயர்ந்த முன் கண்ணாடிக்குக் கிளெய்ம் போடலாம். கதவுக் கண்ணாடிக்கு அநேகமாகக் கட்டுப்படியாகாது.