அச்சில் தமிழ், கோப்பில் குப்பை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையின் கருத்தரங்கக் கட்டுரைகளை நூலாக்கச் சிவகாசி அச்சகம் ஒன்றை நாடினேன். கட்டுரைகள் யாவும் ஒருங்குறியில் இருந்தன. "யூனிகோடு வேண்டாம் சார், பாமினியில மாத்திக் குடுங்க" என்றார்கள். மாற்றிக் கொடுத்தோம். நூல் அழகாகவே வந்தது. பின்னர் அதன் கோப்பைத் திறந்து 'சிலம்பு' என்று தேடினேன். சிலப்பதிகாரம் பற்றியே ஆறு கட்டுரைகள் உள்ள நூலில் ஓரிடத்தும் அச்சொல் அகப்படவில்லை.

வியப்பில்லை. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் வடிவத்தை அமர்த்துபவை. அங்கே மெய்யெழுத்தின் புள்ளி உண்மையில் ஓர் அரைப்புள்ளி. கண்ணுக்குத் தமிழ், கணினிக்குப் பொருளற்ற ஆங்கிலச் சிதறல். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நூலும் இல்லை.

குறியீட்டுப் பூசல் நமக்குப் புதிதன்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாட்டின் வழி டாம், டாப் குறியீடுகள் வந்தன. இணையத்தில் டிஸ்கி வழங்கிற்று. பின்னர் ஒருங்குறி பரவியபோது, 'க்' என்னும் மெய்யைக் ககரமும் புள்ளியுமாகப் பிரிப்பது தமிழ் இலக்கணத்துக்கு முரண் என்றனர் டேஸ்16 ஆதரவாளர். இலக்கணம் கற்பிக்கும் எனக்கு அவ்வாதத்தில் நியாயம் தெரிகிறது. ஆயினும் 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியையும், அதற்கு மாற்றாக டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. அவ்விரண்டில் எது சிறந்தது என்று இன்னும் நூறாண்டு வழக்காடலாம். பாமினி அவ்விரண்டில் ஒன்றன்று.

அச்சகத்தாரை மட்டும் குறை கூற மாட்டேன். அவர்கள் பழகிய பேஜ்மேக்கர் ஒருங்குறி அறியாதது. அதன் 7-ஆம் பதிப்பு வெளிவந்ததோ 2001-இல். இன்றைய இன்டிசைன் ஒருங்குறித் தமிழைக் கோக்க வல்லது. ஆனால் கைப்பழக்கத்தை மாற்றும் செலவு அவர்களுடையது. நாட்காட்டிக்கும் பட்டாசுச் சிப்பத்துக்கும் அச்சடிப்பவர்க்குத் தாள் நன்றாக வந்தால் போதும்.

நமக்கு அது போதுமா? கட்டுரையை இன்ன எழுத்துருவில்தான் அனுப்புக என்று அறிவிக்கை விடும் ஆய்விதழ்கள் யாருடையவை? தமிழ்ப் பேராசிரியர்களுடையவை அல்லவா? ஏட்டுச்சுவடிகளைக் கறையானுக்குக் கொடுத்தோம் என்று மேடைதோறும் புலம்புகிறோம். நம் கையாலேயே நாம் எழுதுவதைப் படிக்கவொண்ணாத கோப்பாக்கி அடுத்த தலைமுறைக்கு வைத்துவிட்டுப் போகிறோம். அந்தக் கறையானுக்குப் பட்டமும் பதவியும் உண்டு.