ஆள் இல்லாத செயலிக்கு ஒரு தடை

மாண்புமிகு ஒன்றிய மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



2023 மே மாதம் 14 செய்திச் செயலிகளுக்கு ஒன்றிய அரசு தடை விதித்தது. ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள் என்பது காரணம். கூப்பிட்டுக் கேட்க இந்தியாவில் அவற்றுக்குப் பிரதிநிதி இல்லை என்பதும் கூடவே சொல்லப்பட்டது. அந்தப் பட்டியலில் இருந்த பிரையர், எலிமென்ட் இரண்டுக்காக மட்டுமே எழுதுகிறேன். மற்ற பன்னிரண்டுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை.

வாட்ஸ்அப்பில் செய்தி பூட்டித்தான் போகிறது. ஆனால் யார், யாருக்கு, எப்போது அனுப்பினார் என்பது நடுவிலிருக்கும் சர்வருக்குத் தெரியும். பிரையரில் அந்த நடு ஆளே கிடையாது. அனுப்புபவர், பெறுபவர் இருவரின் கைபேசிகளில்தான் செய்தி தங்கும். இணையம் இருந்தால் டோர் வலையில் பல கணினிகளைச் சுற்றிக்கொண்டு போகும். இல்லாவிட்டால் புளூடூத், வைஃபை வழியாகப் பக்கத்துக் கைபேசிக்கு நேராகப் போகும். கணக்குத் தொடங்க செல்பேசி எண்கூடக் கேட்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் செல்பேசிகள் ஊமையாகிக் கிடந்தன. அதை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. வசதி குறைவுதான்: பொதுவாக இரு முனையும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். காலை வணக்கப் படம் அனுப்பும் மாமாக்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

எலிமென்ட் வேறு வகை. மேட்ரிக்ஸ் என்ற திறந்த நெறிமுறையில் ஓடுவது. விருப்பப்பட்டவர் தன் சொந்த சர்வரை வைத்துக்கொள்ளலாம். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். பிரான்ஸ் அரசு தன் ஊழியர்களுக்காக நடத்தும் 'ட்சாப்' இதே மேட்ரிக்ஸில் கட்டப்பட்டது. ஜெர்மன் ராணுவத்தின் செய்திச் செயலியும் அப்படியே. அங்கே அரசு ரகசியத்தைக் காப்பது இங்கே பயங்கரவாதக் கருவியாகிவிட்டது!

கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பது அரசின் பழைய கவலை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய செய்திச் செயலிகள் 'முதலில் அனுப்பியவர்' யாரெனக் காட்ட வேண்டும் என்கின்றன. அதற்கு முன்பே, 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஐஐடி பேராசிரியர் காமகோடி, அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியோடு சேர்த்தே அனுப்பலாம் என்று யோசனை சொன்னார். மும்பை ஐஐடியின் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்தார். மறுப்பின் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. எங்கோ பார்த்த வதந்தியை நகலெடுத்து ஒட்டும் அப்பாவிதான் அங்கே 'முதல்வர்' ஆவார். செயலியையே திருத்தத் தெரிந்த கில்லாடி நழுவிவிடுவான்.

நடுவில் ஆள் வைத்தால் அந்த ஆளிடமே திருடலாம் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 2024இல், சீன ஊடுருவிகள் அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் புகுந்தது அம்பலமானது. நீதிமன்ற ஆணைப்படி ஒட்டுக்கேட்பதற்கென்று வைத்திருந்த ஏற்பாடுகளும் அதில் தப்பவில்லை. அந்த டிசம்பரில், மறையாக்கம் உள்ள செயலிகளில் பேசுங்கள் என்று அந்த அரசின் அதிகாரிகளே மக்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

பயங்கரவாதியைப் பிடிக்க வேண்டாம் என்று யார் சொன்னது? கைதானவரின் கைபேசியையும் செயலியையும் திறக்க முடிந்தால், அழிக்காத பிரையர் செய்தியும் அங்கேதான் இருக்கும். விசாரணைக்கு அந்த வழி அடைபடவில்லை. தடைதான் சதிகாரரைத் தடுக்காது. இரண்டின் மூலநிரலும் பொதுவில் இருக்கிறது. பிரையரை இணையமே இல்லாமல் கைபேசிக்குக் கைபேசி கொடுத்துவிடலாம். சதி செய்பவனுக்கு அது எப்படியும் கிடைக்கும். சட்டத்துக்குப் பயந்த செய்தியாளரும் தன்னார்வலரும்தான் கைவிட்டிருப்பார்கள்.

இத்தகைய தடைக்கு வழிசெய்யும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் ஆணைகளை, அதன் 2009 விதிகள் ரகசியமாக்கி வைத்திருக்கின்றன. இந்த இரண்டு செயலிகளைப் பொறுத்தவரையாவது ஆணையையும் காரணத்தையும் வெளியிடுங்கள். காரணம், பிரதிநிதி இல்லை என்பது மட்டும்தான் என்றால், தடையை முறைப்படி விலக்கிக்கொள்ளுங்கள்.