பதினொரு இடங்களும் நான்கு நாள்களும்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது நம் வீட்டுப் புலனக் குழுக்களில் சுற்றுலாப் பட்டியல் ஒன்று வலம் வரத் தொடங்கும். முதலில் அதில் மூன்று இடங்கள்தான் இருக்கும். சித்தி ஒன்றைச் சேர்ப்பார். மாமா இரண்டைச் சேர்ப்பார். "போகிற வழிதானே, ஓர் எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம்" என்று யாராவது சொன்னதும் பட்டியல் இன்னும் நீளும். இந்தப் "போகிற வழிதானே" என்னும் சொற்றொடர்தான் நம் குடும்பச் சுற்றுலாக்களைப் பாழாக்குகிறது என்பது என் கருத்து. ஜொகூர் போன்ற பெரிய மாநிலத்தில் நான்கு நாள் பயணத்திற்கு நான்கு இடங்கள் போதும். மற்றவற்றைத் தயங்காமல் நீக்கிவிட வேண்டும்.

இப்படிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆகவே, கணக்கிட்டே பார்ப்போம்.

ஜொகூரின் பரப்பளவு ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீட்டர். மேற்கே மலாக்கா நீரிணையும் கிழக்கே தென்சீனக் கடலும் அதன் எல்லைகள். இந்த இரு கரைகளுக்கும் இடையே குறுக்கே செல்வதற்கே அரை நாள் வேண்டும். கிள்ளானிலிருந்து நான்கு நாள் பயணமாக வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் மூவாரில் காலை உணவு, லேடாங் மலையடிவார அருவி, பத்து பகாட், குளுவாங். இரவில் ஜொகூர் பாரு. இரண்டாம் நாள் ஜொகூர் பாருவின் கண்ணாடிக் கோயில், தஞ்சோங் பியாய், குக்குப். மூன்றாம் நாள் கோத்தா திங்கி அருவி, தேசாரு கடற்கரை, மெர்சிங். நான்காம் நாள் ஒரு தீவுக்குச் சென்று திரும்பி, அன்றிரவே கிள்ளான். மொத்தம் பதினோர் இடங்கள். வரைபடத்தில் பார்த்தால் அழகான வட்டம்தான்.

இந்த வட்டத்தைச் சுற்றிவர, நெரிசல் இல்லாவிட்டாலும், சாலையில் மட்டும் 20 மணி நேரத்திற்கு மேல் ஆகும். முதல் நாளுக்கே ஏழு மணி நேரம். நாளொன்றுக்கு 15 மணி நேரம் விழித்திருப்போம் என்று கொண்டால், நான்கு நாள்களுக்கு 60 மணி நேரம். பயணத்தைக் கழித்தால் 40 மணி நேரம் மிஞ்சும். சாப்பாட்டிற்கு நாளுக்கு மூன்று மணி நேரம். குளிப்பது, பெட்டி கட்டுவது, விடுதியில் பதிவு செய்வது, வழியில் கழிவறைக்கு நிறுத்துவது ஆகியவற்றுக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம். அதையும் கழித்தால் 20 மணி நேரம்தான். அதைப் பதினோர் இடங்களுக்குப் பங்கிட்டால் ஓர் இடத்திற்கு இரண்டு மணி நேரம்கூடக் கிடைக்காது. அதற்குள்தான் வாகனம் நிறுத்த இடம் தேடுவதும், நுழைவுச்சீட்டு வாங்க வரிசையில் நிற்பதும், காணாமல்போன தம்பியின் காலணியைத் தேடுவதும் அடங்க வேண்டும். படம் எடுக்க நேரமிருக்கும், பார்க்க நேரமிருக்காது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில இடங்கள் நம் கடிகாரத்திற்கு ஏற்ப நடப்பதில்லை. மெர்சிங் படகுத்துறை அப்படிப்பட்டது. அது ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்துள்ளது. கடல்நீர் இறங்கும் வேளையில் முகத்துவாரம் ஆழமற்றுப் போவதால் பெரிய படகுகள் புறப்பட முடியாது. ஆதலால், அங்கே படகு நேரம் ஓதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே வகுக்கப்படுகிறது. ஓதம் நிலவைப் பின்பற்றுவது. நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவது. இன்று காலை பத்து மணிக்குப் புறப்பட்ட படகு அடுத்த வாரமும் அதே மணிக்குப் புறப்படும் என்று நம்பிவிடக் கூடாது. மேற்குக் கரையிலுள்ள தஞ்சோங் பியாய்க்கோ இதற்கு நேர்மாறான தேவை. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனையான அங்குச் சதுப்புநிலக் காடு உள்ளது. ராம்சார் உடன்படிக்கையின்கீழ் 2003-ஆம் ஆண்டில் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அது அறிவிக்கப்பட்டது. அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களையும் சேற்றில் துள்ளும் மீன்களையும் நன்றாகக் காண வேண்டுமானால் நீர் இறங்கியிருக்க வேண்டும். ஓர் இடத்தில் நீர் ஏற வேண்டும். மற்றோர் இடத்தில் நீர் இறங்க வேண்டும். "காலை 9.00 முதல் 10.30 வரை" என்று கட்டம் போட்டு எழுதிய நிரலுக்கு இவை எப்படிக் கட்டுப்படும்?

பருவமும் அப்படித்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அலை உயரும், தீவு விடுதிகளுள் பெரும்பாலானவை மூடப்படும். என்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவும் மழைக்காலத்தில் வருகையாளர்களுக்குக் கதவை அடைத்துவிடும். ஆண்டிறுதி விடுமுறையில் தீவைத் திட்டத்தில் சேர்ப்பவர் கடலோடு வாதிடுகிறார் என்றே சொல்ல வேண்டும். மழை நிலத்தையும் விடுவதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து இருமுறை பெருவெள்ளத்தில் மூழ்கியது. மழைக்காலத் திட்டத்தில் ஒரு முழு நாளையாவது காலியாக வைத்திருக்க வேண்டும். சாலை அடைபட்டால் இருந்த இடத்திலேயே இருக்க அந்த நாள் உதவும்.

மழையில்லாத நாள்களில் வெயில். காலை பதினொரு மணிக்கு மேல் நம் நாட்டில் திறந்த வெளியில் நடப்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். பிற்பகலில் இடியுடன் மழை வருவதும் வழக்கம். எனவே, வெப்பமண்டலச் சுற்றுலாவில் ஒரு நாள் என்பது உண்மையில் இரண்டு துண்டுகள்தாம்: விடியல் முதல் முற்பகல் வரை ஒன்று, மாலை நான்கு மணிக்கு மேல் இன்னொன்று. நடுப்பகலில் நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம், தூங்கலாம், பாட்டியிடம் கதை கேட்கலாம். குளிர்நாடுகளுக்கு எழுதப்பட்ட பயண நிரல்களை நாம் அப்படியே பின்பற்றுகிறோமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கிழமையையும் கவனிக்க வேண்டும். 2014 முதல் ஜொகூரில் வெள்ளியும் சனியுமே வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து அது சனி, ஞாயிறுக்கு மாறியது. குடும்பங்களுக்கு இது நல்ல மாற்றம்தான். ஆனால் இப்போது ஜொகூர்வாசிகளும் சிலாங்கூரிலிருந்து வருபவர்களும் சிங்கப்பூரிலிருந்து பாலத்தைக் கடந்து வருபவர்களும் ஒரே நாளில் சாலைக்கு வருகிறார்கள். ஜூன் மாதத்திலும் டிசம்பரிலும் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் விடுமுறை. அந்த வாரங்களில் ஜொகூர் பாரு நகர மையத்தைக் குறுக்கே கடப்பதற்குத் திறன்பேசி காட்டும் நேரத்தை நான் நம்பமாட்டேன்.

இவற்றையெல்லாம் விட என்னைக் கவலைகொள்ள வைப்பது மகிழுந்தை ஓட்டுபவரின் நிலை. பெரும்பாலும் அவர் நம் அப்பாதான். வெள்ளிக்கிழமை மாலைவரை வேலை. சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குப் பயணம். பதினோர் இடத் திட்டத்தில் ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் தாமதமானாலும் அது நாள் முழுவதும் பின்தொடர்ந்து வந்து, கடைசியில் இரவுப் பயணமாக முடியும். கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் செல்லும் சாலை நெடுந்தொலைவுக்கு எதிரும் புதிருமாக வாகனங்கள் ஓடும் ஒற்றைச் சாலை. இருபுறமும் காடும் செம்பனைத் தோட்டமும். குலை ஏற்றிய லோரிகள். காட்டு யானைகள் கடக்கும் இடம் என்று எச்சரிக்கும் பலகைகள். அந்தச் சாலையில் இரவு பத்து மணிக்குத் தூக்கக் கண்களோடு வண்டி ஓட்ட யாரையும் நாம் தள்ளக் கூடாது. பின்னிருக்கையில் உறங்குபவர்கள்தாம் இடங்களைப் பட்டியலில் சேர்த்தவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. "ஆண்டுக்கு ஒருமுறைதான் போகிறோம். போனால் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா?" என்று கேட்பவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர். நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஒரு நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 8 நாள் விடுப்பே குறைந்தபட்ச உரிமை. இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை பணியாற்றியவருக்கு 12 நாள். தீபாவளிக்கு இரண்டு நாள், ஊரில் ஒரு திருமணத்திற்கு ஒரு நாள், பிள்ளையின் பள்ளிக்கு ஒரு நாள் என்று போன பின்பு மிஞ்சுவதைச் சேர்த்து வைத்துத்தான் அவர்கள் இந்த நான்கு நாளைப் பெறுகிறார்கள். அந்த ஆசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அப்படி அரிதாகக் கிடைத்த விடுப்பில் மூன்றில் ஒரு பங்கை இருக்கைவார் அணிந்தே கழிக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன். எண்ணெய்ச் செலவு, சாலைக் கட்டணம், பதினோர் இடங்களின் நுழைவுக் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், தீவில் இன்னோர் இரவு தங்கும் செலவுக்குப் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.

வழிப்பயணத்தைத் திட்டமிடுவது தமிழருக்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் ஆற்றுப்படை என்னும் வகையே இருக்கிறது. பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு கலைஞர், வறுமையில் வாடும் இன்னொருவருக்கு வழி சொல்வதாக அமைந்தவை அவை. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் நாட்டுக்குள் செல்லும் பாணனுக்கு எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகிய ஊர்கள் சொல்லப்படுகின்றன. அதன்பின் தலைநகர் கிடங்கில். ஒவ்வோர் ஊரிலும் எந்த மக்கள் வாழ்கிறார்கள், அவர்கள் என்ன உணவு தருவார்கள் என்பதுதான் அங்கே செய்தி: கடற்கரையில் சுட்ட மீன், வேலூரில் புளியங்கறியிட்ட சோறும் இறைச்சியும், வயல் சூழ்ந்த ஆமூரில் நண்டுக் கறியோடு சோறு. சில ஊர்கள்தாம்; ஆனால் ஒவ்வோர் ஊரிலும் உட்கார்ந்து சாப்பிட்டு, அங்குள்ளவர்களோடு பேச நேரம் இருக்கிறது. நம் புலனப் பட்டியலில் ஊர்ப்பெயரும் மணியும் மட்டுமே இருக்கின்றன.

சரி, கிள்ளான் குடும்பம் என்ன செய்யலாம்? மழைக்காலம் இல்லையென்றால் நான் கிழக்குக் கரையைத் தேர்ந்தெடுப்பேன். முதல் நாள் விடிந்த பிறகு புறப்பட்டு, குளுவாங்கில் மதிய உணவு. அந்த ஊர் இரயில் நிலையத்தில் 1938-இல் தொடங்கப்பட்ட காப்பிக்கடை ஒன்று பெயர்பெற்றது. மெர்சிங் செல்லும் சாலை குளுவாங் வழியாகவே போவதால், இதை மட்டும் "போகிற வழிதான்" என்று ஒப்புக்கொள்கிறேன். அன்றிரவு மெர்சிங். இரண்டாம் நாள், படகு எந்த மணிக்கோ அந்த மணிக்கு, சுல்தான் இஸ்கந்தார் கடற்பூங்காவைச் சேர்ந்த தீவுகளுள் ஒன்றுக்குப் போய் அங்கேயே ஓரிரவு. மூன்றாம் நாள் கரை திரும்பிக் கோத்தா திங்கி. இருட்டிய பின் ஜொகூர் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகளைப் படகிலிருந்து காணலாம். நான்காம் நாள் காலையில் எழுந்து நிதானமாக வீடு. சாலையில் ஏறத்தாழ 12 மணி நேரம். பழைய திட்டத்தில் பாதியைவிடச் சற்று மிகுதி. இரவுப் பயணம் ஒன்றுகூட இல்லை.

மாணவர்களே, பல வீடுகளில் திறன்பேசியை வைத்துக்கொண்டு திட்டம் வகுப்பவர்கள் நீங்கள்தாம். படகு அட்டவணையைப் பார்ப்பதும், கோயில் நடை எப்போது திறந்திருக்கும் என்று தொலைபேசியில் கேட்பதும் உங்களால் முடியும். அப்பா எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும் என்று கூட்டிச் சொல்வதும் அப்படியே. அந்தக் கூட்டுத்தொகையைக் குடும்பத்தின்முன் வைத்தாலே பட்டியலில் சில பெயர்கள் தாமாகக் கழன்றுவிடும்.

கண்ணாடிக் கோயில் விடுபட்டுப் போனதே என்று பாட்டி வருந்தக்கூடும். ஏறத்தாழ 3 இலட்சம் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் பதித்த அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயத்தைப் பழைய திட்டத்தில் அவர் அரை மணி நேரம் பார்த்திருப்பார். அதற்குள் மகிழுந்திலிருந்து ஹாரன் ஒலித்திருக்கும். கோலாலம்பூரிலிருந்து புறப்படும் மின்இரயில் 2025-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஜொகூர் பாரு வரை ஓடுகிறது. பயணம் நான்கு மணி நேரத்திற்குச் சற்று மேல். நிலையத்திலிருந்து ஆலயம் அதிகத் தொலைவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் பாட்டியும் பேரப்பிள்ளை ஒருவரும் ஏறினால், மாலைப் பூசைக்கு வெகுமுன்னரே போய்ச் சேர்ந்துவிடலாம்.