பறிபோன பதக்கமும் இரசிகர் உள்ளமும்

தமிழர் தம் வீரர்க்குக் கல் நட்டு வழிபட்ட மரபினர். செங்கம் வட்டாரத்தில் கிடைத்துள்ள பல்லவர் கால நடுகற்களைப் பயின்றோர் ஒன்றைக் கண்டிருப்பர். எவ்வரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, வீரன் பெயர் யாது, எந்தத் தொறுப்பூசலில் பட்டான் என்பனவே அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. அவன் குடிசையில் அன்று அடுப்பு எரிந்ததா என்பதைக் கல் கூறுவதில்லை. அவன் செயல் ஒன்றே கல்லில் ஏறியது.

2019-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் ஓட்டப்பந்தய வீராங்கனை கோமதி மாரிமுத்துவைத் தமிழகம் கொண்டாடிய முறையை எண்ணுந்தோறும் இந்நடுகற்கள் நம் நினைவுக்கு வருகின்றன. அத்திங்கள் 22-ஆம் நாள், கத்தார் நாட்டின் தோகா நகரில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் தொலைவை 2 நிமிடம் 2.70 விநாடியில் கடந்து அவர் தங்கம் வென்றார். அப்போட்டியில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. இறுதிச் சுற்றில் பின்னின்று முன்னேறிச் சீன வீராங்கனை வாங் சுன்யூவைக் கோட்டருகே முந்திய அக்காட்சியை நம் மாணவர்கள் கைப்பேசியில் மீண்டும் மீண்டும் பார்த்தனர். அப்போது அவருக்கு அகவை முப்பது. பலர் காலணியைக் கழற்றி வைத்துவிடும் வயதில் அவர் வென்றார். தடகளம் அறிந்தவர்க்கு வியப்பளித்திருக்க வேண்டியது இதுவே.

ஆனால் விழுப்புரம் பேருந்து நிலையத்திலும் திண்டிவனம் தேநீர்க் கடைகளிலும் நாம் கேட்ட பேச்சு வேறு. திருச்சி மாவட்டம் முடிகண்டம் என்னும் சிற்றூர், மகள் உண்ண வேண்டும் என்பதற்காக மாட்டுத் தீவனத்தை உண்ட தந்தை, கிழிந்த காலணி ஆகிய மூன்றுமே எங்கும் பேசப்பட்டன. 800 மீட்டர் ஓட்டத்தில் முதற்சுற்றை எவ்வளவு விரைவாக ஓடுவது, மூச்சை எங்கே சேமிப்பது என்று ஒருவரும் பேசக் கேட்டிலோம். நாடாளுமன்றத் தேர்தல் காலமாதலின் கட்சிகளும் போட்டியிட்டன. அ.தி.மு.க. 15 இலட்சம், தி.மு.க. 10 இலட்சம் என அறிவிப்புகள் வந்தன. வறுமையை வென்ற மகள் என்று எழுதப்பட்டதேயன்றி, சீன வீராங்கனையை வென்ற ஓட்டக்காரி என்று எழுதப்படவில்லை. இவ்வேறுபாடு சிறிதன்று என்பது மறு திங்களே புலனாயிற்று.

மே 21 அன்று செய்தி வெளியானது. மார்ச்சு 18-இல் பாட்டியாலாவில் பெடரேஷன் கோப்பைப் போட்டியின்போது எடுக்கப்பட்ட அவரது சிறுநீர் மாதிரியில் நான்ட்ரோலோன் என்னும் ஊக்கமருந்தின் சுவடு காணப்பட்டது என்றார்கள். தாம் தடைசெய்யப்பட்ட மருந்து எதனையும் உட்கொண்டதில்லை என்று கோமதி மறுத்தார். 2020-இல் உலகத் தடகள அமைப்பின் நேர்மைப் பிரிவு தன் முடிவை வெளியிட்டது. 2019 மே 17 முதல் 2023 மே 16 வரை நான்காண்டுத் தடை. மார்ச்சு 18 முதல் மே 17 வரை அவர் பெற்ற வெற்றிகள் யாவும் நீக்கம். தோகாவின் தங்கம் வாங் சுன்யூவுக்குச் சென்றது.

நான்ட்ரோலோன் யாது எனச் சுருங்கச் சொல்லின், ஆணியல்பு சுரப்பாகிய டெஸ்டோஸ்டிரோனை ஒத்த ஒரு செயற்கை ஸ்டீராய்டு. தசையைப் பெருக்கும், பயிற்சியின் களைப்பிலிருந்து உடலை விரைவில் மீட்கும். பெண்டிர்க்குக் குரல் தடிக்கும், மாதவிலக்குக் குலையும். இருபாலர்க்கும் இதயமும் கல்லீரலும் கேடுறும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதிப்படி, தன் உடலில் உள்ள பொருளுக்கு வீரரே பொறுப்பாவார். கொடுத்தவர் எவராயினும் ஆகுக. அது எப்படி வந்தது என்று காட்டும் சுமை அவருடையது. ஸ்டீராய்டாயின், வேண்டுமென்றே உட்கொள்ளவில்லை என அவர் மெய்ப்பித்தாலன்றி நான்காண்டுத் தடையே பொது வழக்கம்.

கடுமையான விதிதான். ஆயினும் இது இல்லையேல் ஒவ்வொருவரும் அறியாமல் உண்டேன் என்று கூறித் தப்புவர் என்பதால் இதனை நாம் ஏற்கிறோம். இரண்டாவதாக வந்து ஓராண்டுக்கு மேல் வெள்ளியோடு காத்திருந்த சீனப் பெண்ணும் ஒருவர் பெற்ற மகளே. அவர் பெயரைத் தமிழ்நாட்டில் இரக்கத்தோடு உச்சரித்தவர் எவரையும் நாம் அறியோம்.

இனி இரசிகர் பக்கம் வருவோம். செய்தி வந்த கிழமையில் நம்மவர் இரு கூறாகப் பிரிந்தனர். ஒரு கூட்டத்தார் அப்பெயரையே மறந்தனர். நேற்றுவரை கைப்பேசி முகப்பில் வைத்திருந்த படத்தை ஓசையின்றி மாற்றினர். மற்றொரு கூட்டத்தார், 'எல்லாம் சூழ்ச்சி' என்றனர். தொழுகை முடிந்து அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் நம்மிடம், “ஏழைப் புள்ளைன்னுதானே தம்பி பறிச்சுக்கிட்டாங்க? பெரிய இடத்துப் புள்ளையா இருந்தா தொடுவாங்களா?” என்று கேட்டார். அவர் குரலில் இருந்த பரிவு உண்மையானது. அப்பரிவை நாம் குறை கூறவில்லை. அது எதன்மேல் எழுந்தது என்பதே வினா. ஏழ்மையின்மேல் எழுந்த அன்பு, ஆய்வகத்தின் முடிவைக் கேட்டதும் ஏழ்மையையே விடையாகத் தேடுகிறது. ஓட்டத்தின்மேல் எழுந்த அன்பாயின், ஓட்டம் எப்படி ஓடப்பட்டது என்று கேட்டிருக்கும்.

சூழ்ச்சி என்றவர்களுட் பலர், சாந்தி சௌந்திரராசனையும் கோமதியையும் ஒரே மூச்சிற் கூறினர். இருவரும் தமிழ்ப் பெண்கள். இருவரும் எளிய குடியினர். இருவரும் 800 மீட்டர் ஓடியவர்கள். இருவர் பதக்கமும் தோகாவிலேயே பெறப்பட்டு இழக்கப்பட்டது. ஒப்புமை இவ்வளவே. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி 2006 ஆசிய விளையாட்டில் வென்ற வெள்ளியை இழந்தது ஊக்கமருந்தினால் அன்று, பாலினச் சோதனை என்னும் பெயரால். அவர் எதையும் உட்கொண்டாரல்லர். தாம் பிறந்த உடலோடு ஓடினார். அதன் பொருட்டு உலகின்முன் இழிவுபடுத்தப்பட்டார்; பின்னர்ச் செங்கற்சூளையில் கூலி வேலை செய்யும் நிலைக்கு வந்தார். அது அநீதி. கோமதியின் வழக்கோ விதியும் சான்றும் கொண்டு முடிவான ஒன்று. இரண்டையும் ஒரே கண்ணீரிற் கரைப்பவர் கோமதிக்கு நன்மை செய்வதில்லை. சாந்திக்குத் தீமையே செய்கின்றனர். திருவள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்தது நீதிமன்றத்தார்க்கு மட்டும் என்று நாம் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதில்லையே!

சூழ்ச்சி என்று கூவுவது தமிழர்க்கு மட்டும் உரிய பழக்கமன்று. 1994 உலகக் கோப்பைக் கால்பந்தில் அர்செந்தீனாவின் மரடோனா எபெட்ரின் கலந்த மாதிரியால் வெளியேற்றப்பட்டபோது, அவரை நேரில் கண்டேயிராத வங்காளதேசத்து மக்கள் டாக்கா தெருக்களில் திரண்டு முழக்கமிட்டனர். அன்பு அப்படித்தான், தொலைவு பார்ப்பதில்லை, ஆய்வறிக்கையும் பார்ப்பதில்லை.

'பெரிய இடத்துப் பிள்ளையைத் தொடுவார்களா' என்ற அப்பெரியவரின் கேள்வியை மட்டும் எளிதிற் புறந்தள்ள நமக்கு மனமில்லை. அதே 2019-இல் மட்டைப்பந்து வீரர் பிரித்வி ஷாவின் மாதிரியில் டெர்பியூட்டலின் காணப்பட்டது. பிப்பிரவரியில் எடுத்த மாதிரி. ஏப்பிரல், மே திங்களில் அவர் ஐ.பி.எல். ஆடிக்கொண்டிருந்தார், சூலை இறுதியில்தான் எட்டுத்திங்கள் தடை அறிவிக்கப்பட்டது. அதுவும் மார்ச்சு 16 முதல் முன்தேதியிட்டு நவம்பர் 15-இல் முடிவடைந்தது. டெர்பியூட்டலின் இருமல் மருந்தில் இருப்பது; ஸ்டீராய்டோடு அதனை நிறுத்தல் தகாது என்பதை ஒப்புகிறோம். ஆனால் அன்று மட்டைப்பந்து வாரியம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் ஆளுகைக்கு வெளியே நின்று, தன் ஆட்டக்காரரைத் தானே சோதித்துத் தானே தண்டித்து வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில்தான் அது முகமைக்கு உட்பட்டது. ஒரு விளையாட்டுக்கு ஒரு நீதி என்னும் ஐயம் பொதுமக்கள் உள்ளத்தில் தானாக முளைக்கவில்லை.

கோமதியின் நாட்காட்டியை எடுத்து வைத்துப் பார்ப்போம். மாதிரி எடுத்தது மார்ச்சு 18. தோகா இறுதிச் சுற்று ஏப்பிரல் 22. இடையில் 35 நாட்கள். அந்த 35 நாட்களுக்குள் முடிவு உரியவர்க்கு எட்டியிருப்பின் அவர் விமானம் ஏறியிருக்க மாட்டார். பதக்கமும் இல்லை, பாராட்டு விழாவும் இல்லை, பின்னர் வந்த தலைகுனிவும் இல்லை. சூழ்ச்சி என்று முழங்கியவர் பல்லாயிரவர். இந்த 35 நாட்களின் கணக்கைக் கேட்டவர் எத்துணைப் பேர்?

இதனினும் பெரிய வினா ஒன்றுண்டு. 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் கனடாவின் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடி உலகை வியக்கவைத்தார். மூன்றே நாளில் ஸ்டனசோலால் கண்டறியப்பட்டுப் பதக்கம் பறிக்கப்பட்டது. கனடா மக்கள் அழுதனர், வெகுண்டனர். ஆனால் அவ்வளவோடு நில்லாமல் அந்நாட்டு அரசு நீதிபதி சார்லஸ் டூபின் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. 1989-இல் நூற்றுக்கும் மேற்பட்டோர் சாட்சியம் அளித்தனர். பயிற்சியாளர் சார்லி பிரான்சிஸ் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, தம்மிடம் பயின்றோர் பல்லாண்டுகளாக ஸ்டீராய்டு உட்கொண்டதை விரித்துரைத்தார். மருத்துவர் பெயர் வெளிவந்தது. ஜான்சனும் ஒப்புக்கொண்டார். ஓடியவன் ஒருவனின் குற்றமாக இருந்தது, ஊட்டியவர், கண்டும் காணாதிருந்தவர் அனைவரின் குற்றமாக விரிந்தது.

நம் நாட்டில் ஓடியவர் பெயர் மட்டுமே நாளிதழில் வருகிறது. 2021-இல் பாட்டியாலாவில் டூட்டி சந்தை முந்தியும், 200 மீட்டரில் பி.டி. உஷாவின் போட்டிச் சாதனையைத் தகர்த்தும் புகழ்பெற்ற தனலட்சுமி சேகரும் திருச்சி வட்டாரத்தவரே. 2022-இல் அவருக்கும் ஸ்டீராய்டின் பொருட்டு மூன்றாண்டுத் தடை வந்தது. ஒரே வட்டாரத்தில் மூன்றாண்டு இடைவெளியில் இருவர். உலக முகமையின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் சோதிக்கப்பட்ட 5,606 மாதிரிகளில் 213 தேறவில்லை, நூற்றுக்கு 3.8. பெருமளவிற் சோதனை நடத்தும் நாடுகளுள் இதுவே மிக உயர்ந்த விழுக்காடு. இத்துணைப் பேரும் தத்தம் வீட்டுக் கொல்லையில் ஸ்டீராய்டு பயிரிட்டவர்களா? மருந்து ஒரு கடையில் விற்கப்படுகிறது. ஒருவர் அதன் அளவைச் சொல்கிறார். ஒருவர் ஊசியைப் பிடிக்கிறார். போட்டிக்கு எத்தனை நாள் முன்னர் நிறுத்த வேண்டும் என்று ஒருவர் எண்ணிக் கொடுக்கிறார். இவர்கள் பெயரைக் கேட்கும் இரசிகரே விளையாட்டுக்கு வேண்டியவர். பழிப்பவரும் தேவையில்லை, மழுப்புபவரும் தேவையில்லை.

எங்கோ தோகாவில் நடந்ததற்கு நாம் ஏன் இத்துணைச் சொல் செலவிடுகிறோம் என்று மாணவர் எண்ணலாம். வைகறையில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் வண்டியில் அமர்ந்து சாலையோரத்தைப் பார்த்தால் விளங்கும. காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் அணியமாகும் இளைஞர் பள்ளித் திடல்களிலும் ஏரிக்கரைகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றனர். நம் வகுப்பில் இரண்டாம் மணிநேரத்தில் கண்ணயர்பவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களிற் சிலர் உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ ஓர் 'அண்ணன்' தந்த பொடியைப் பாலிற் கலந்து குடிக்கின்றனர். டப்பாவின் மேல் எழுதியிருப்பது ஆங்கிலம். அதிலும் எழுதாமல் விட்டது எவ்வளவோ. “அதுல என்ன தம்பி இருக்கு?” என்று ஒரு மாணவரைக் கேட்டோம். “தெரியல ஐயா, அண்ணன் கொடுத்தாரு, நல்லா வேலை செய்யுது” என்றார். வயலில் கூலி வேலை செய்யும் தாய் தந்தையர் அவருக்கு. நாளை அவர் வென்றால் அவர் வீட்டுக் கூரையைப் படமெடுக்க வருவார்கள். அவர் குடித்த பாலில் என்ன இருந்தது என்று கேட்க ஆய்வகம் மட்டுமே வரும்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அச்சொல்லின் பொருளை நம் பிள்ளைகள் வாழ்வில் கொள்ள வேண்டுமாயின், எது உடலுக்குள் செல்கிறது என்பதை அவர்கள் தம் மொழியில் படித்தறிய வேண்டும்.

உலக முகமை தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலை ஆண்டுதோறும் திருத்தி வெளியிடுகிறது. புதிய பட்டியல் சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வரும். சில பக்கங்களே கொண்டது. அதனைத் தமிழில் எழுதித் தொங்கவிட்ட ஒரு திடலையும் இவ்விரு ஊர்களில் நாம் கண்டதில்லை. கலைச்சொல்லாக்கத்தைத் தேர்வுக்காக மட்டும் பயிலும் நம் துறை மாணவர் பத்துப் பேர், உடற்கல்வி இயக்குநரையும் வேதியியல் துறையினரையும் உடன் வைத்துக்கொண்டு அமர்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடலாம். மருந்தின் பெயரைத் தமிழ் எழுத்தில் தந்து, அது எந்த வகை மருந்தில், எந்தப் பொடியில் மறைந்திருக்கக்கூடும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். முதற்படியை நம் கல்லூரித் திடலின் வாயிலிலும், இரண்டாம் படியை விழுப்புரம் மாவட்ட விளையாட்டரங்கிலும் ஒட்டலாம். பெயர்ப்பில் ஐயம் எழுமிடத்துத் திருத்தித் தர நாம் உடனிருப்போம். முன்வரும் மாணவர் துறை அலுவலகத்தில் பெயர் தருக.