ஒற்றைத் தலைவலியும் மாத்திரைக் கடனும்

ஒற்றைத் தலைவலியால் தறியை விட்டு எழுந்தவரைச் சோம்பேறி எனச் சொல்லும் வழக்கம் நம் சங்கங்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை. இது நரம்பு மண்டலத்தைச் சார்ந்த நோய், பாசாங்கு அன்று. பெரும்பாலும் தலையின் ஒரு புறத்தில் தெறிக்கும் வலியும், குமட்டலும், வெளிச்சமும் ஓசையும் பொறுக்க இயலாமையும் 4 மணி முதல் 3 நாள் வரை நீடிக்கக்கூடும். ஆடவரினும் பெண்டிரையே இது மிகுதியாகப் பற்றுகிறது.

நெய்த அளவுக்கே கூலி என்பதால், பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுத் தறியில் அமர்வோர் பலர். வயல் வேலைக்குச் செல்வோரும் இவ்வாறே செய்கின்றனர். எப்போதாவது ஒருமுறை என்றால் பெருங்கேடில்லை. பாரசிட்டமால், ஐபுபுரூபன் போன்றவற்றை வலி தொடங்கியவுடன் உரிய அளவில் உட்கொண்டால் பலருக்குக் குணம் தெரியும். ஆனால், மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ இவற்றை விழுங்குவது 3 மாதங்களைத் தாண்டினால், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். பல மருந்துகள் கலந்த மாத்திரைகளுக்கும், இந்நோய்க்கென்றே 1990களில் பரவிய டிரிப்டான் வகைக்கும் 10 நாட்களே எல்லை. கடனை அடைக்கக் கந்துவட்டிக்குக் கடன் வாங்குவதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. அன்றைய முடை தீர்கிறது, அசலோ வளர்கிறது.

வருமுன் காக்கும் மருந்துகளும் உண்டு. இருதய நோய்க்கு வழங்கப்பட்ட புரோப்ரனோலால் இத்தலைவலியையும் குறைப்பது 1966-ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. அமிட்ரிப்டிலின், டோபிரமேட் முதலியனவும் வழக்கில் உள்ளன. 2018 முதல் வந்துள்ள புதுவகை ஊசி மருந்துகள் விலை மிகுந்தவை, பழையவை மலிவானவை. மாதத்தில் 4 நாட்களுக்குக் குறையாமல் துன்புறுவோர் இவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். வலியில்லாத நாளிலும் உண்ண வேண்டிய மருந்துகள் இவை. பயன் தெரியப் பல வாரங்கள் ஆகும். பத்தே நாளில் பயனில்லையென நிறுத்துவது, விதைத்த மறுவாரமே அறுவடைக்கு அரிவாள் எடுப்பதற்கு ஒப்பாகும். ஆஸ்துமா உள்ளவருக்குப் புரோப்ரனோலால் ஆகாது. கருவுற்றவருக்கு டோபிரமேட் ஆகாது. ஆகவே, அடுத்த வீட்டார் மருந்தை வாங்கி உண்ணலாகாது. வேளை தவறாத உணவும் ஒழுங்கான உறக்கமும் செலவில்லாத தடுப்புகள். திடீரென்று முன்னெப்போதும் இல்லாத கடும் வலி வந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நிர்வாகக் குழுவினருக்கு நாம் கூறுவது இதுவே. மருத்துவரின் சீட்டுடன் வரும் அங்கத்தினருக்குச் சரக்கு ஒப்படைக்கும் கெடுவைச் சில நாட்கள் தள்ளிக் கொடுக்கலாம். கெடுவின் அச்சம் தணிந்தால் மாத்திரையும் குறையும். எல்லாரும் தலைவலி என்று சொல்லிவிடுவார்களே என்பர் சிலர். வலி வந்த நாளையும் மாத்திரை உண்ட நாளையும் அங்கத்தினர் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும்; அது மருத்துவருக்கும் உதவும், ஐயத்தையும் போக்கும். பாவுக்கும் ஊடைக்கும் பிசகாமல் கணக்கு வைக்கும் சங்கம், நெய்பவரின் உடல்நலத்தைக் கணக்கில் கொள்ளாதிருப்பது முறையன்று.